காசநோயாளிக்கு மாதம் 1,000 ரூபாய்: பணம் எங்கே சிக்குகிறது?

காசநோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்களுக்குச் சத்தான சாப்பாட்டுக்காக மத்திய அரசு மாதம் 1,000 ரூபாய் தருகிறது. பெயர் நிக்‌ஷய் போஷண் யோஜனா. 2018இல் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பரில் இரட்டிப்பானது.

இதைத் தர்மக் காசு என்று நினைத்துக் கூச்சப்பட வேண்டாம். உலகப் பிரச்சினைகளில் எதற்குச் செலவழித்தால் பலன் அதிகம் என்று கோபன்ஹேகன் கன்சென்சஸ் அமைப்புக்காகப் பொருளாதார நிபுணர்கள் கணக்குப் போட்டார்கள். காசநோய்க்குப் போடும் ஒரு டாலருக்கு 43 டாலர் பலன் என்று வந்தது. ஜார்க்கண்டில் நோயாளியின் குடும்பத்துக்கும் உணவு கொடுத்துப் பார்த்த ஆய்வில், வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு நோய் வருவது கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைந்தது. கணக்கு சரிதான். அதைப் போட்டவர்கள் நம் ஊர் வங்கி கவுன்ட்டரில் நின்றதில்லை, அவ்வளவுதான்.

முதல் சிக்கல் தனியார் மருத்துவமனை. அங்கே வைத்தியம் பார்த்தாலும் பணம் உண்டு. ஆனால் டாக்டர் உங்கள் பெயரை அரசுக்குத் தெரிவித்திருக்க வேண்டும். அது அவருடைய சட்டக் கடமை. நீங்கள் கேட்கும் சலுகை இல்லை. நிக்‌ஷய் ஐடி எண்ணை (பெயர் அரசிடம் பதிவானதும் கிடைக்கும் எண்) கேட்டு மருந்துச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். அந்த எண் இல்லையென்றால் பணமும் இல்லை.

வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு கொண்டுவா என்று யாராவது அலைய விட்டால், நம்ப வேண்டாம். இதற்கு வருமான வரம்பே கிடையாது.

அதிகம் பேர் மாட்டுவது வங்கிக் கணக்கில்தான். பல நாள் தொடாமல் முடங்கிய கணக்கு, கேஒய்சி முடியாத கணக்கு, வங்கிகள் இணைந்தபோது மாறிப்போன ஐஎஃப்எஸ்சி, பாஸ்புக்கில் ஒரு பெயர் ஆதாரில் ஒரு பெயர்: எதிலாவது பணம் திரும்பிப் போய்விடும். சுகாதார நிலையத்தில் "வங்கியில் கேளுங்க" என்பார்கள், வங்கியில் "எங்களுக்கு எதுவும் வரலையே" என்பார்கள். கணக்கே இல்லாதவர் சம்மதக் கடிதம் கொடுத்துக் குடும்பத்தார் கணக்கில் வாங்கலாம். இதைப் பல இடங்களில் சொல்வதே இல்லை.

பணம் தலா 3,000 ரூபாயாக இரண்டு தவணையில் வரும்: நோய் உறுதியானதும் ஒன்று, 84 நாள் சிகிச்சைக்குப் பின் மற்றொன்று. இரண்டாவது வராவிட்டால், உங்கள் சிகிச்சை விவரம் அரசின் காசநோய்ப் போர்ட்டலில் ஏறியிருக்கிறதா என்று எஸ்டிஎஸ்ஸிடம் (காசநோய்ச் சிகிச்சை மேற்பார்வையாளர்) கேளுங்கள். ஊர் மாறினால் பழைய ஐடியையே புது ஊருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். புதிதாகப் பதிந்தால் இரட்டைப் பதிவாகிக் குழப்பம்தான்.

பதில் கிடைக்காவிட்டால் 1800-11-6666, கட்டணமில்லா எண். அப்புறம், பணம் வரவில்லை என்ற கோபத்தில் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மருந்து தனி, பணம் தனி.