மட்டக்குதிரை மட்டமான குதிரையா?

காரைக்குடிப் பக்கம் ஓர் ஐயனார் கோயில். புரவி எடுப்பு முடிந்து மண்குதிரைகள் வரிசையாக நின்றன. நிமிர்ந்த கழுத்து, முறைத்த கண், இன்னும் உலராத சுண்ணாம்பு வாசனை. திரும்பும் வழியில் பேரன் கேட்டான்: "ஐயா, மட்டக்குதிரைன்னா மட்டமான குதிரையா?"

'மட்டமான சரக்கு' என்று கடைவீதியில் கேட்டு வளர்கிற பிள்ளை வேறெப்படி நினைப்பான்! மட்டு என்றால் அளவு. கொத்தனார் சுவரில் வைத்துப் பார்க்கும் ரசமட்டத்தில் இருப்பதும் அதுதான். உயரம் மட்டாக இருப்பதால் மட்டக்குதிரை. சுருக்கமாக மட்டம் என்றாலே போதும். தரத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆங்கிலத்தில் இதைப் போனி என்பார்கள். தோள்மேட்டில் அளந்தால் சுமார் 4 அடி 10 அங்குலத்துக்குள் நிற்கும் குதிரை. சிலர் 'குட்டிக் குதிரை' என்று எழுதுகிறார்கள், அது தப்பு. குட்டி வளரும், மட்டம் வளர்ந்து முடிந்ததே அவ்வளவுதான். அப்படியே போனி என்று எழுதலாமே என்றால், காலையில் கடை திறந்தவர் முதல் வியாபாரமான போணியைத்தான் நினைப்பார்.

நம் பக்கத்துக்கு உறவான மட்டம் ஒன்று உண்டு: பர்மா மட்டம். 1852-இல் ஆங்கிலேயர் பர்மாவின் கீழ்ப்பகுதியான பெகுவைப் பிடித்தபின் நகரத்தார் பலர் லேவாதேவிக்கு அங்கே போனார்கள். அந்த ஊர்த் தேக்கு இங்கே வந்து வீட்டுத் தூணாக நின்றது. அந்த ஊர்க் குதிரையும் கடல் தாண்டிச் சென்னைக்கு வந்தது; துரைமார் அதைச் சுருக்கமாகப் 'பெகு' என்றே கூப்பிட்டார்கள். உண்மையில் அதை வளர்த்தவர்கள் பர்மாவின் கிழக்கு மலைகளில் வாழும் ஷான் மக்கள். பெயர் மட்டும் கீழ்நாட்டுக்குப் போய்விட்டது, பாவம்.

உயரம் நாலேகால் அடி சொச்சம். கால் குட்டை, உடம்பு கட்டு. பொதியோடு மலைப்பாதையில் சறுக்காமல் ஏறும், கிடைத்ததை மேய்ந்து காலம் தள்ளும். ஓட்டத்தில் பெரிய சூரன் இல்லை. ஆனாலும் ஆங்கிலேயர் போலோ ஆட இதையே பிடித்துக்கொண்டார்கள்.

இவ்வளவும் சொன்னபின் பேரன், "அப்ப ஐயனாரோடது?" என்றான்.

அது புரவி. வருஷம் முழுக்கக் குதிரை குதிரை என்று பேசுகிறவர்கள்கூட, வேளார் மண்ணில் செய்து, ஐயனாருக்குத் தோளில் தூக்கிப் போகிற அன்றைக்கு மட்டும் அந்தச் சொல்லை எடுப்பார்கள்.