புள்ளி சீவுதல்: ‘பாயின்ட் ஷேவிங்’ என்ற சொல்லின் கதை

தோற்பதற்குக் காசு வாங்குவது பழைய தொழில். ஜெயித்துக்கொண்டே காசு வாங்குவதற்கும் ஒரு வழி உண்டு. அதற்கு அமெரிக்காவில் வழங்கும் பெயர் ‘பாயின்ட் ஷேவிங்’.

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறைப் போட்டித் தொடரான என்எஃப்எல்லில் ஆட்டம் ஒன்று கடைசி நிமிடத்தில் விசித்திரமாகத் திரும்பினால் போதும், இந்தச் சொல்லை யாராவது வீசிவிடுவார்கள். தமிழில் எழுதும்போது நாமும் ‘ஆட்ட நிர்ணயம்’ என்று போட்டுக் கடந்துவிடுகிறோம். ஆனால் எல்லாச் சூதும் ஷேவிங் ஆகாது. தொழில்முறை அமெரிக்கக் கால்பந்தில் சந்தேகம் கிளப்பிய பெரிய ஆட்டங்களை எடுத்துப் பார்த்தால், இந்தச் சொல் கச்சிதமாகப் பொருந்துவதே அபூர்வம்.

முதலில் ‘ஸ்ப்ரெட்’ என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். பலமான அணியும் சோப்ளாங்கி அணியும் மோதினால் யார் ஜெயிப்பார் என்று பந்தயம் கட்ட ஆள் வராது. அதனால் பந்தயப் பணம் வாங்கும் புக்கி ஒரு இடைவெளி வைக்கிறார்: பலமான அணி ஏழரைப் புள்ளிக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தால்தான் அதன்மேல் கட்டியவருக்குப் பணம். எட்டில் ஜெயித்தால் லாபம், ஏழில் ஜெயித்தால் நஷ்டம். அந்த அரைப் புள்ளி எதற்கு என்றால், கணக்கு சரிசமமாக முடிந்து பணத்தைத் திருப்பித் தரவேண்டிய தொல்லை வரக்கூடாது என்பதற்கு. கணித ஆசிரியராக இருந்து 1940களில் சிகாகோவில் புக்கியான சார்ல்ஸ் மெக்நீல் என்பவருக்குத்தான் இந்த முறையின் பெருமையைப் பொதுவாகத் தருகிறார்கள். 110 டாலர் கட்டினால் 100 டாலர் லாபம் என்பது வழக்கமான விகிதம். இடையில் நிற்கும் அந்தப் பத்து டாலரில்தான் புக்கியின் பிழைப்பு.

இடைவெளி வந்ததும் சூதுக்குப் புது வாசல் திறந்தது. பத்துப் புள்ளியில் ஜெயிக்கவேண்டிய அணி ஆறு புள்ளியில் ஜெயிக்கிறது. கோப்பை கிடைக்கிறது, ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள், பயிற்சியாளர் ஒன்று இரண்டு தவறுகளைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார். எதிரணிமேல் பணம் கட்டியவர் மட்டும் சிரிக்கிறார். காசு வாங்கிய வீரருக்கும் மனசாட்சிக்குச் சொல்ல ஒரு பதில் இருக்கிறது: ‘என் அணியை நான் தோற்கடிக்கவில்லையே!’ வேண்டுமென்றே தோற்பதற்கு ஆங்கிலத்தில் வேறு சொற்கள் உண்டு. ‘டம்ப்’ செய்வது, ‘த்ரோ’ செய்வது என்பார்கள். ஷேவிங்கில் வெற்றி அப்படியே இருக்கும், ஓரம் மட்டும் போயிருக்கும்.

சொல்லின் வேரும் அதைத்தான் சொல்கிறது. ‘ஷேவ்’ பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல். அடிப்படைப் பொருள் சுரண்டுவது, வழிப்பது. முகச்சவரம் அதன் ஒரு கிளைதான். தச்சர் மரத்தை மெல்லியதாக வழிப்பதும் ஷேவ், மொத்தத் தொகையிலிருந்து கொஞ்சம் கழிப்பதும் ஷேவ், நூலிழையில் தப்பிப்பதும் ஷேவ். எல்லாவற்றுக்கும் பொது அம்சம், போனது தெரியாத அளவுக்கு மெல்லியதாகப் போவது.

இது ஊரறிந்த சொல்லானது கூடைப்பந்தால், கால்பந்தால் அல்ல. 1950இல் நியூயார்க் சிட்டி கல்லூரி அணி என்ஐடி, என்சிஏஏ ஆகிய இரண்டு பெரிய போட்டிகளையும் ஒரே ஆண்டில் வென்றது. 1951இல் அதன் வீரர்கள் கைதானார்கள். மன்ஹாட்டன் கல்லூரி வீரர் ஒருவர், தன்னிடம் 1,000 டாலர் பேரம் பேசினார்கள் என்று பயிற்சியாளரிடம் போய்ச் சொன்னதில் அவிழத் தொடங்கிய முடிச்சு அது. ஏழு கல்லூரிகள், 32 வீரர்கள், 86 ஆட்டங்கள் என்று விரிந்தது. ஐந்து பேர் ஆடுகிற ஆட்டம், புள்ளி நிமிடத்துக்கு நிமிடம் ஏறுகிறது. ஒருவர் இரண்டு முறை குறி தவறினால் வித்தியாசம் சுருங்கிவிடும். மெல்லியதாகச் சீவ அதைவிட வசதியான ஆட்டம் ஏது? அமெரிக்கக் கால்பந்தில் புள்ளிகள் மூன்றும் ஏழுமாகக் கட்டிகட்டியாக வரும்: பந்தைக் கம்பங்களுக்கிடையே உதைக்கும் ‘ஃபீல்டு கோல்’ மூன்று; பந்தை எதிரணியின் கோட்டுக்குள் கொண்டுபோகும் ‘டச்டவுன்’ ஆறு, அதன்பின் வரும் உதையோடு ஏழு. சீவ முடியாது, உடைக்கத்தான் வேண்டும்.

சரி, என்எஃப்எல்லுக்கு வருவோம். 1946 டிசம்பர் 15, சாம்பியன்ஷிப் ஆட்டம், நியூயார்க் ஜயன்ட்ஸ் எதிர் சிகாகோ பேர்ஸ். ஜயன்ட்ஸ் வீரர்கள் ஃபிராங்க் ஃபில்சாக், மெர்ல் ஹேப்ஸ் இருவரிடமும் ஆல்வின் பாரிஸ் என்பவர் லஞ்சம் பேசியது ஆட்டத்துக்கு முன்பே போலீசுக்குத் தெரிந்துவிட்டது. ஹேப்ஸை ஆடவிடவில்லை. பேரமே நடக்கவில்லை என்று அப்போது சொன்ன ஃபில்சாக் ஆடினார். மூக்கு உடைந்த நிலையிலும் இரண்டு டச்டவுன் பாஸ்கள் கொடுத்தார், ஆறு பந்துகளை எதிரணி கையிலும் கொடுத்தார். கேட்கப்பட்டது என்ன? பேர்ஸ் பத்துக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். ஆட்டம் 24-14. சரியாகப் பத்து! இருவரும் 1947இல் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஃபில்சாக் 1950இலும் ஹேப்ஸ் 1954இலும்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டார்கள். என்எஃப்எல் வரலாற்றில் நீதிமன்றம் வரை போன பெரிய பேரம் இதுதான். ஆனால் இது ஷேவிங் அல்ல. தோற்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்த அணியை இன்னும் மோசமாகத் தோற்கச் சொன்ன கதை இது.

1958 இறுதி ஆட்டத்தில் சந்தேகம் நேரெதிர்த் திசையில் கிளம்பியது. பால்டிமோர் கோல்ட்ஸும் ஜயன்ட்ஸும் கூடுதல் நேரம் வரை போனார்கள். ஒரு ஃபீல்டு கோல் அடித்திருந்தாலே கோல்ட்ஸ் மூன்று புள்ளியில் ஜெயித்திருக்கும். அடிக்கவில்லை. ஆலன் அமீச்சி பந்தோடு உள்ளே ஓடி டச்டவுன் போட்டார், 23-17. பந்தய இடைவெளியோ மூன்றரை. உரிமையாளர் கோல்ட்ஸ்மேல் பெரும்பணம் கட்டியிருந்தார் என்று வதந்தி எழுந்தது, எதுவும் நிரூபணமாகவில்லை. அந்த அணியின் உதையாளரை அப்போது முழுதாக நம்ப முடியாது என்பதே போதுமான காரணம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எப்படியோ, இங்கே சந்தேகப்பட்டது புள்ளியைக் கூட்டியதற்காக, குறைத்ததற்காக அல்ல.

1969 ஜனவரியில் மூன்றாம் சூப்பர் பௌல், அதாவது பருவத்தின் இறுதி ஆட்டம். 18 புள்ளியில் ஜெயிக்கும் என்று கணிக்கப்பட்ட அதே கோல்ட்ஸ், ஜெட்ஸிடம் 16-7 என்று தோற்றது. பின்னாளில் கோல்ட்ஸ் வீரர் பப்பா ஸ்மித்தே அந்த ஆட்டத்தைச் சந்தேகித்துப் பேசினார். ஆதாரம் வெளிவரவில்லை. அந்தச் சந்தேகம் உண்மையாகவே இருந்தாலும் அது ‘டம்ப்’தான்.

அப்புறம், பார்த்தால் அச்சு அசலாக ஷேவிங் போலவே இருந்து, ஷேவிங்கே இல்லாத ஒன்று. 2018 அக்டோபரில் ராம்ஸ் 29-27 என்று பேக்கர்ஸைவிட முன்னிலை. கடைசி நிமிடம். டாட் கர்லி பந்தோடு ஓடுகிறார், எதிரே ஆளில்லை, டச்டவுன் கண்முன்னே. கோட்டுக்குச் சற்று முன்னால் நின்று கீழே விழுந்துவிட்டார். ராம்ஸ்மேல் ஏழு புள்ளிக்கு மேல் இடைவெளியில் பணம் கட்டியவர்கள் தலையில் கைவைத்தார்கள். ஆனால் ஆட்டம் தெரிந்தவருக்கு அது புத்திசாலித்தனம்: டச்டவுன் போட்டால் பந்து எதிரணிக்குப் போகும்; விழுந்தால் நேரம் தானாகக் கரையும்.

இதே சிக்கல் ஆய்வாளர்களுக்கும் உண்டு. பொருளியலாளர் ஜஸ்டின் வூல்ஃபர்ஸ் 2006இல் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டங்களை அலசி, பலமான அணிகள் ஜெயித்தும் இடைவெளியை மயிரிழையில் தவறவிடுவது இயல்பைவிட அதிகம், சுமார் ஒரு சதவீத ஆட்டங்களில் ஷேவிங் நடந்திருக்கலாம் என்றார். முன்னிலையில் இருக்கும் அணி கடைசி நேரத்தில் புள்ளி தேடாமல் நேரத்தைக் கடத்துவது வழக்கம்தானே என்று மற்றவர்கள் மறுத்தார்கள். குற்றமும் நல்ல உத்தியும் ஒரே தடத்தை விட்டுப்போகின்றன.

இனி தமிழ்ச் சொல். ‘ஃபிக்சிங்’ என்பதற்கு நாம் வைத்திருக்கும் ‘ஆட்ட நிர்ணயம்’ எனக்கு ஒருபோதும் ஒட்டியதில்லை. விலை நிர்ணயம், இலக்கு நிர்ணயம் என்று அரசாணையில் வரும் மரியாதையான சொல் அது. அதனால்தான் பின்னால் ‘சூதாட்டம்’ என்று ஒரு வாலும் சேர்க்கவேண்டியிருக்கிறது. ‘பேசிவைத்த ஆட்டம்’ என்றால் வால் தேவையில்லை. ‘ரெண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு செய்கிறார்கள்’ என்ற நம் வாய்ப்பேச்சிலேயே சதி வாடை இருக்கிறது.

ஷேவிங்குக்கு ‘மழித்தல்’ என்றால் ஒன்றும் மிச்சமில்லாமல் போய்விடும், தலை மொட்டை. ‘சிரைத்தல்’ வசையாகிவிட்டது. ‘புள்ளிக் குறைப்பு’ என்றால் நடுவர் தண்டனையாகப் புள்ளியைக் கழித்ததுபோல் இருக்கிறது. ‘சீவுதல்’ சரியாக உட்காருகிறது. பென்சிலைச் சீவினால் பென்சில் இருக்கும், ஓரம் போகும். ஆகவே ‘புள்ளி சீவுதல்’. ‘புள்ளிச் சீவல்’ என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள், வெற்றிலைத் தட்டு ஞாபகம் வந்துவிடும். ஸ்ப்ரெட்டுக்குப் ‘பந்தய இடைவெளி’ போதும்.

இப்போது சீவப்படுவது அணியின் புள்ளிகூட அல்ல. 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பந்தயத் தடையை நீக்கியபின், ஒரு வீரர் எத்தனை புள்ளி எடுப்பார் என்பதன்மேலும் கைபேசியிலேயே பணம் கட்டலாம் என்றாகிவிட்டது. 2024இல் என்பிஏ கூடைப்பந்து வீரர் ஜான்டே போர்ட்டர் ஆயுள் தடை பெற்றது இதனால்தான்: உடம்பு சரியில்லை என்று ஆட்டத்தின் பாதியில் வெளியேறி, தன் எண்ணிக்கை கணிப்புக்குக் கீழேயே நிற்கும்படி பார்த்துக்கொண்டார். அவர் சீவியது தன் கணக்கை. அதற்கு ஆங்கிலத்திலேயே இன்னும் தனிப்பெயர் நிலைக்கவில்லை. ‘தன்புள்ளி சீவுதல்’ என்று தமிழ் முந்திக்கொள்ளலாம்.