கையைத் திட்டாதீர்கள், மேசையைப் பாருங்கள்

“எனக்குக் கை வராது சார்” என்றபடி ஸ்டில் லைஃப் படத்தை, அதாவது மேசைமேல் பொருள்களை வைத்து அவற்றைப் பார்த்து வரைந்த படத்தை, நீட்டுபவர்கள் என் ஓவிய வகுப்பில் எப்போதும் உண்டு. வாங்கிப் பார்த்தால் கோட்டில் பெரிய குறை இருக்காது. கெட்டில், கோப்பை, வெங்காயம் மூன்றும் குரூப் ஃபோட்டோவுக்கு நிற்பதுபோல ஒரே வரிசையில், சம இடைவெளியில் நிற்கும். கோளாறு பென்சில் எடுப்பதற்கு முன்பே நடந்துவிட்டது.

ஒன்றை ஒன்று கொஞ்சம் மறைக்கும்படி வையுங்கள். தள்ளி வைத்தாலும் பரவாயில்லை. இரண்டும் இல்லாமல் விளிம்போடு விளிம்பு உரசி நிற்பதுதான் மோசம். கோப்பையின் பிடி கெட்டிலின் வயிற்றைத் தொட்டும் தொடாமலும் நின்றால், எது முன்னால், எது பின்னால் என்றே தெரியாது. ஒரு விரல் அகலம் நகர்த்தினால் தீர்ந்தது. நகர்த்தாமல், நிழல் தீட்டியே சமாளிக்கப் பார்த்து ஒரு மாலைப்பொழுதை நான் தொலைத்திருக்கிறேன். அழித்து அழித்துக் காகிதம் கிழிந்ததுதான் மிச்சம்.

வெளிச்சம் ஒரே விளக்கிலிருந்து, பக்கவாட்டில் வரட்டும். கூரை விளக்கை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு பொருளுக்கு இரண்டு நிழல் விழும். நிழலையும் ஒரு பொருளாகவே எண்ணுங்கள். வெங்காயத்தின் நிழல் கோப்பைமீது ஏறினால் இரண்டுக்கும் தானாக ஓர் உறவு வந்துவிடும்.

அப்புறம், பளபளக்கும் பாத்திரத்தை ஆரம்பத்தில் தொடாதீர்கள். அதில் அறையே தெரியும், உங்கள் மூக்கு உட்பட. இத்தாலிய ஓவியர் ஜார்ஜோ மொராண்டி (1890–1964) பல ஆண்டுகள் அதே சில புட்டிகளையும் குவளைகளையும் இடம் மாற்றி மாற்றி வரைந்தவர். பிரதிபலிப்பு வராமலிருக்கச் சில புட்டிகளுக்குப் பெயிண்ட்கூட அடித்தார்.

உட்காரும் உயரமும் முக்கியம். கோப்பையின் வாய் கண்மட்டத்தில் இருந்தால் வெறும் கோடாகத் தெரியும், கீழே இறங்க இறங்க வட்டம் விரியும். ஆகவே மேலிருந்து பார்க்கும்போது அடிப்பக்கம் வாயைவிடக் கூடுதலாக வளைந்திருக்கும். மேசை தட்டைதானே என்று அடியை நேர்கோடாக இழுப்பவர்களே அதிகம்.

எல்லாம் அமைந்ததும் பொருள்களின் அடியைச் சுற்றிச் சாக்பீஸால் குறித்து வையுங்கள். வீட்டில் யாராவது கோப்பையை எடுத்துப் போனாலும் திரும்ப அதே இடத்தில் வைக்கலாம். வெங்காயம் சமையலுக்குப் போனால் போனதுதான்.