பல்லே இல்லாத பாட்டிக்கு எதற்கு பிரஷ்?

பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கும் மாமியாரைப் பற்றி ஒரு வாசகி எழுதியிருந்தார். வீட்டுக்கு வரும் நர்ஸ், தினமும் வாயைச் சுத்தம் செய்யச் சொல்கிறாராம். "அவங்களுக்குப் பல்லே இல்லை. கஞ்சியும் ரசம் சாதமும்தான் சாப்பாடு. எதை விளக்குறது?"

நியாயமான கேள்வி. பதில் தேட நுரையீரல் வரை போகவேண்டும்.

தூக்கத்தில் துளி எச்சில் மூச்சுக்குழாய்க்குள் போவது ஆரோக்கியமான பலருக்கும் நடப்பதுதான். நமக்கு உடம்பே அதைச் சமாளித்துவிடும். பக்கவாதம் வந்த பல முதியவர்களுக்கோ புரையேறினால் இருமல்கூட வராது. நாக்கில் மாவு மாதிரி படிந்திருக்கும் வெள்ளையில் வாழும் பாக்டீரியாக்கள் எச்சிலோடு சத்தமில்லாமல் உள்ளே இறங்கும். அப்புறம் காய்ச்சல், நிமோனியா. வீட்டில் பழி விழுவது முந்தின நாள் கொடுத்த வாழைப்பழத்தின் மேல்!

ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டு ஆராய்ந்து, முடிவை 1999இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். வழக்கம்போல் விடப்பட்டவர்களில் 19 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது. சாப்பாட்டுக்குப் பின் பராமரிப்பாளர்கள் வாயைச் சுத்தம் செய்துவிட்ட முதியவர்களில் 11 சதவீதம்தான். பல் இல்லாதவர்களுக்கும் பலன் இருந்தது.

கிருமி குறைந்தது ஒரு காரணம், சரி. எனக்குப் பிடித்தது இன்னொன்று. தொண்டையின் உணர்வு நரம்புகள் 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற பொருளைச் சுரக்கின்றன. விழுங்கவும் இருமவும் உசுப்பிவிடுவது அதுதான். மூளையின் ஆழத்தில் பக்கவாதம் தாக்கினால் டோபமைன் என்ற மூளை ரசாயனம் குறையும், கூடவே சப்ஸ்டன்ஸ் பியும் குறையும். ரத்த அழுத்தத்துக்கு 'பிரில்' என்று முடியும் மாத்திரை சாப்பிடும் சிலரை வறட்டு இருமல் பாடாய்ப் படுத்துமே, அதற்கு ஒரு காரணம் அந்த மாத்திரை சப்ஸ்டன்ஸ் பி சிதையாமல் தடுப்பது. மிளகாயின் காரம் நரம்பிலிருந்து பிதுக்கி வெளியேற்றுவதும் இதே பொருளைத்தான். ஒரு மாதம் தொடர்ந்து பிரஷ்ஷால் வாயைத் தேய்த்துவிடப்பட்ட முதியவர்களின் எச்சிலில் சப்ஸ்டன்ஸ் பி கூடியது, அவர்கள் விழுங்கும் வேகமும் கூடியது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். தூங்கிப்போன நரம்பை பிரஷ் தட்டி எழுப்புகிறது! இதுவே ஒரு புது மாத்திரை செய்த வேலையாக இருந்தால் ஊரெல்லாம் விளம்பரம் வைத்திருப்பார்கள். பிரஷ்ஷுக்கு யார் வைப்பார்கள்?

வாசகிக்குச் சில விவரங்கள். படுத்தவாக்கில் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்காரவையுங்கள். மிருதுவான பிரஷ்ஷை நனைத்து, உதறிவிட்டுத் தேயுங்கள். நாக்கை உள்ளிருந்து வெளியே மெதுவாக வழித்தால் போதும். பல்செட் இருந்தால் இரவில் கழற்றிவிட வேண்டும். பக்கவாதம் தாக்கிய பக்கத்துக் கன்னத்துக்குள் விரலில் ஈரத்துணி சுற்றித் துழாவிப் பாருங்கள். அந்தப் பக்கம் உணர்ச்சி குறைவு என்பதால், நேற்றைய ரசம் சாதத்தின் பருக்கை இன்னும் அங்கேயே இருக்கலாம்.