ஒளியைக் கேக்கில் குத்த முடியுமா?

"பெரியப்பா, ஒளிய எப்படிக் கேக்குல குத்தி வைப்பாங்க?" என்று கேட்டாள் தம்பி மகள். பள்ளி மலருக்காகப் பிறந்தநாள் மெழுகுவர்த்தி பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். எங்கிருந்தோ எடுத்த கட்டுரை ஒன்றில், 'ஜெர்மானியர்கள் கேக்கின் நடுவே வாழ்க்கையின் ஒளியை வைத்தனர்' என்று இருந்தது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இடித்தது மொழிபெயர்த்தவருக்கு இடிக்கவில்லை. இந்த 'வாழ்க்கையின் ஒளி'யை நான் பார்த்து அலுத்துவிட்டேன். ஒருவர் எழுதிவைத்தார், மற்றவர்கள் வரி மாறாமல் எடுத்து ஒட்டுகிறார்கள்.

மூலச்சொல் 'லேபன்ஸ்லிஷ்ட்'. லேபன் என்றால் உயிர், வாழ்வு. லிஷ்ட் என்றால் ஒளி. அகராதியை இதோடு மூடிவிட்டால் 'வாழ்க்கையின் ஒளி' தயார். இன்னும் இரண்டு வரி கீழே போயிருந்தால், லிஷ்ட் என்பதற்கு மெழுகுவர்த்தி என்றும் பொருள் இருப்பது தெரிந்திருக்கும். வெளிச்சங்களைக் குறித்தால் பன்மை 'லிஷ்ட்டர்', மெழுகுவர்த்திகளைக் குறித்தால் 'லிஷ்ட்டெ' என்று பிரித்துச் சொல்வதும் உண்டு. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நாமும்தான் 'கடைக்குப் போய் ஒரு லைட் வாங்கிட்டு வா' என்கிறோம். போனவன் பல்போடுதான் வருவான், வெளிச்சத்தை அள்ளிக்கொண்டு வரமாட்டான்.

வழக்கத்தைப் பார்த்தாலும் இதுதான் தெரியும். மொரேவிய சபை என்ற கிறிஸ்தவச் சபையின் தலைவரான சின்சென்டோர்ஃப் பிரபு 1746இல் ஜெர்மனியின் மாரியன்போர்ன் என்ற ஊரில் கொண்டாடிய பிறந்தநாளை ஆண்ட்ரூ ஃப்ரே என்பவர் விவரித்திருக்கிறார். அடுப்பு கொள்ளும் மட்டும் பெரிய கேக்; அதில் வயதுக்கு ஒன்றாகத் துளைகள்; துளைக்கு ஒரு மெழுகுவர்த்தி; எல்லாவற்றுக்கும் நடுவே இன்னொன்று. பிரபு பிறந்தது 1700இல், ஆகவே 46 துளை, நடுவில் ஒன்று கூடுதல். (இவருடைய மொரேவிய சபையார்தான் 1760இல் நம் தரங்கம்பாடிக்கு வந்து குடியேறினார்கள். வரும்போது கேக் கொண்டுவந்தார்களா என்று கேட்காதீர்கள்.) நடுவில் நிற்கும் அந்தத் தனி மெழுகுவர்த்திக்குத்தான் ஜெர்மன் வீடுகளில் லேபன்ஸ்லிஷ்ட் என்று பெயர். துளை போட்டுச் செருகுகிற பொருள். அதைப் போய் 'ஒளி' என்றால்?

இதைவிடத் தெளிவான சாட்சி கிரிம் சகோதரர்கள் தொகுத்த ஜெர்மன் நாட்டுப்புறக் கதை ஒன்றில் இருக்கிறது. சாவு ஒரு மருத்துவனைப் பாதாளக் குகைக்கு அழைத்துப்போய், மனிதர்களின் லேபன்ஸ்லிஷ்ட்கள் ஆயிரக்கணக்கில் எரிவதைக் காட்டுகிறது. உயரமானவை குழந்தைகளுடையவை, பாதி எரிந்தவை நடுவயதினருடையவை, குட்டையானவை கிழவர்களுடையவை. மருத்துவனுடையது ஒரு துண்டு, அணையப்போகிற நிலை. புதிதாக ஒன்று ஏற்றிவைக்கச் சொல்லிக் கெஞ்சுகிறான். சாவும் உயரமான ஒன்றை எடுக்கிறது. ஆனால் மாற்றிச் செருகும்போது வேண்டுமென்றே பிசகவிட, பழைய துண்டு விழுந்து அணைகிறது. அந்த நொடியே மருத்துவனும் சாய்கிறான். ஜெர்மன் படித்த நண்பர் ஒருவர், 'அந்தக் கதையில் லிஷ்ட்டர் என்றுதானே பன்மை வருகிறது' என்று என்னை மடக்கப் பார்த்தார். வரட்டும். உயரமானது, குட்டையானது, எரிந்து குறைவது, செருகும்போது விழுவது என்றெல்லாம் ஒளியைப் பற்றிச் சொல்ல முடியுமா? இலக்கண விதியைவிடக் கண்ணால் பார்ப்பது பெரிது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'வாழ்வொளி' என்றொரு சொல்லைச் சிலர் முன்வைக்கிறார்கள். சபை வெளியீட்டுக்கோ திருமண மண்டபத்துக்கோ பெயர் வைக்க நன்றாக இருக்கும். கேக்குக்கு ஆகாது. 'உயிர்விளக்கு' கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் விளக்கு எண்ணெயில் எரிவது. எண்ணெய் குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாம். கதையின் சாரமே அப்படி ஊற்றிக்கொள்ள முடியாது என்பதுதான். அதோடு, விளக்கை வாயால் ஊதி அணைப்பதை நம் வீடுகளில் பொறுக்கமாட்டார்கள். 'அணை' என்று சொல்லவே கூசி, 'குளிர வை', 'மலையேற்று' என்பார்கள். ஊதுவதற்கென்றே வைக்கிற பொருளுக்கு அந்தச் சொல் எப்படிப் பொருந்தும்?

என் ஓட்டு 'ஆயுள்திரி'க்கு. நூலைத் திரித்தால் திரி. 'மெழுகுதிரி' என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது. மெழுகுவர்த்தியின் பின்பாதி வடமொழி என்பதால் அதைத் தள்ளச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வமில்லை, 'திரி' சின்னதாக, இன்னொரு சொல்லோடு ஒட்ட வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான். அதே அன்பர்கள் 'ஆயுளும் வடமொழிதானே, உயிர்த்திரி என்று வை' என்பார்கள். உயிர் இருக்கும் அல்லது போகும். பாதி உயிர் என்பது பேச்சுக்குத்தான். குறைந்துகொண்டே வருவது ஆயுள். ஆயுள் ரேகையும் ஆயுள் காப்பீடும் தெரியாத தமிழர் யார்? தூய்மைக்காகப் பொருளை விட்டுக்கொடுக்க நான் தயாரில்லை.

ஜெர்மனில் 'அவனுடைய லேபன்ஸ்லிஷ்டை ஊதி அணைத்தான்' என்றால் ஆளைக் கொன்றான் என்று பொருள். அங்கே ஒளியும் வேண்டாம், திரியும் வேண்டாம். 'கதையை முடித்தான்' என்று எழுதிவிட்டுப் போகலாம்.

அதே கட்டுரைகள் 'கிண்டர்ஃபெஸ்ட் என்னும் பிறந்தநாள் திருவிழா' என்றும் எழுதுகின்றன. இஸ்னி, லொய்ட்கிர்ஷ் போன்ற தென்ஜெர்மன் ஊர்களில் கிண்டர்ஃபெஸ்ட் என்றால் ஊரே கூடும் சிறுவர் விழா, ஊர்வலம் எல்லாம் உண்டு. வீட்டில் நடக்கும் பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஜெர்மானியர் வைத்திருக்கும் பெயர் கிண்டர்கெபுர்ட்ஸ்டாக். அப்புறம், பிறந்தநாள் கேக்கின் தொடக்கமே இவள்தான் என்று கிரேக்க ஆர்ட்டெமிஸ் தேவி வந்துவிடுவாள். சுற்றிலும் சிறு விளக்குகள் ஏற்றிய 'அம்ஃபிஃபோன்' என்ற பணியாரத்தை அவளுக்குப் படைத்தது உண்மை. அது கோயில் படையல். அதிலிருந்து பிறந்தநாள் கேக்குக்கு ஒரே தாவலாகத் தாவ, நடுவில் இரண்டாயிரம் ஆண்டுகளைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும்.

தம்பி மகள் 'ஒளி'யை அடித்துவிட்டு 'ஆயுள்திரி' என்று எழுதினாள். பிறகு விரல்விட்டு எண்ணினாள். "அப்ப எனக்குப் பத்து மெழுகுவர்த்தி வேணும். ஒம்பதுதானே வயசுன்னு கடைக்காரர் கேட்டா?"

"கேட்கமாட்டார். பாக்கெட்டாகத்தான் விற்கிறார்" என்றேன்.