வடை எப்போது எண்ணெய் குடிக்கிறது?

வாணலியில் வடை போட்டதும் நுரைத்துக்கொண்டு குமிழிகள் எழும்புகின்றன. எண்ணெய் கொதிப்பதாகச் சொல்கிறோம். கொதிப்பது எண்ணெய் அல்ல, மாவில் இருக்கும் தண்ணீர். வடை பொரியும் 170, 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் சமையல் எண்ணெய் கொதிப்பதில்லை; தண்ணீருக்கோ 100 டிகிரியே போதும். ஆவியாகும்போது தண்ணீரின் கன அளவு 1,600 மடங்குக்கு மேல் பெருகும். அவ்வளவு ஆவி உள்ளிருந்து முட்டிக்கொண்டு வெளியேறும்போது, அதை எதிர்த்து எண்ணெய் அதிகம் உள்ளே புக முடியாது. சடசடவென்று சத்தம் கேட்கும்வரை வடை தன்னைத் தானே காத்துக்கொள்கிறது.

அது எண்ணெய் குடிப்பது பெரும்பாலும் வெளியே எடுத்த பிறகுதான்.

எடுக்கும்போது வடையின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒட்டியிருக்கும். ஆவி வெளியேறிய வழிகளெல்லாம் மொறுமொறுப்பான ஓட்டில் நுண்துளைகளாக நிற்கும். வடை ஆற ஆற, துளைகளில் மிஞ்சிய ஆவி குளிர்ந்து நீராகச் சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் விழுகிறது. உடனே வெளிக்காற்று மேலே இருக்கும் எண்ணெயை உள்ளே தள்ளிவிடுகிறது. குழாய் போட்டு இளநீர் குடிப்பதும் இப்படித்தான் நடக்கிறது. உணவு ஆய்வாளர்கள் சாயம் கலந்த எண்ணெயில் உருளைக்கிழங்குத் துண்டுகளைப் பொரித்து இதைச் சோதித்திருக்கிறார்கள். சாயத்தைத் தொடக்கத்தில் கலந்தாலும் கடைசியில் கலந்தாலும், உள்ளே போன சாயத்தில் பெரிய வேறுபாடு இல்லை. பொரியும் நேரம் முழுக்க எண்ணெய் ஏறியிருந்தால் அப்படி இருக்க முடியாது.

ஆகவே, எடுத்த முதல் ஒரு நிமிடம்தான் முக்கியம். எடுத்த கையோடு தட்டில் குவித்துவிட்டால், மேல் வடையின் எண்ணெயும் கீழ் வடைக்குப் போய்ச் சேரும். அதற்குப் பதில் ஜல்லிக்கரண்டியை வாணலிக்கு மேலேயே பிடித்து நன்றாக உதறலாம். சூடான எண்ணெய் நீர்போல ஓடும். ஆறினால் தடித்து ஒட்டிக்கொள்ளும். பிறகு உறிஞ்சும் தாளில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பவேண்டும். பத்து நிமிடம் கழித்துத் தாளில் வைத்து அமுக்குவது, பஸ் போன பிறகு கை காட்டுவது போலத்தான். தாள் என்றால் செய்தித்தாள் அல்ல. அச்சு மையில் உடலுக்கு ஆகாத வேதிப்பொருள்கள் இருப்பதால், அதில் உணவைப் பொதிய வேண்டாம் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இலேயே அறிவுறுத்தியது. (டீக்கடையில் வடையின் முதுகில் அச்சான ராசிபலனைப் படித்தவர்களில் நானும் ஒருவன்.)

மாவு நீர்த்தால் வடை எண்ணெய் குடிக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது சரியான கணக்கு. தண்ணீர் கூடினால் ஆவி கூடும், அது விட்டுச்செல்லும் வெற்றிடமும் கூடும். உளுந்தை ஊறவைத்த நீரை நன்றாக வடித்து, தெளித்துத் தெளித்து ஆட்டுவதில் இந்த லாபமும் இருக்கிறது. பஜ்ஜி மாவில் சோடா உப்பை அள்ளிப் போட்டால் நடப்பதும் இதுவே: மெத்தென்று உப்பும், துளைகள் பெருகும்.

எண்ணெயின் சூடு குறைந்தாலும் வம்புதான். ஓடு இறுகத் தாமதமாகும்; அதிக நேரம் ஊறிக் கிடக்கும். ஒரே ஈட்டில் பத்து வடையைத் திணித்தால் சூடு சட்டென்று இறங்கிவிடும். ஒரு துளி மாவைப் போட்டதும் மேலே எழும்பி வந்தால் பதம் சரி.

திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் வேறு வகையில் கெடுக்கிறது. அதில் சேரும் சிதைவுப் பொருள்களால் எண்ணெய் தடித்து, உணவில் அதிகமாக ஒட்டும். இந்தச் சிதைவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்பது இந்தியாவில் 2018 முதல் விதி. வீட்டில் அளந்து பார்க்க வழியில்லை. நிறம் கறுத்து, நுரை அடங்காமல் நின்றால் கொட்டிவிடலாம்.

ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி. தயிர்வடைக்காக வடையை வெந்நீரில் போட்டுப் பிழியும்போது, அந்த நீரின் மேல் மிதக்கும் படலத்தை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். உதறாமல் விட்ட எண்ணெயில் ஒரு பங்கு அங்கே மிதக்கும்.