இடுப்பு வலி என்று சொல்லாதீர்கள், விரலை வைத்துக் காட்டுங்கள்

இந்த வாரம் இவர் மூன்றாவது ஆள். பாம்பன் பக்கமிருந்து வந்த அக்கா, கையில் முதுகு எக்ஸ்ரே. "இடுப்பெலும்பு தேஞ்சு போச்சுன்னு சொல்லிட்டாக தம்பி. ரெண்டு மாசமா எண்ணெய் போட்டு நீவிக்கிட்டுத்தான் இருக்கேன்."

வலிக்கும் இடத்தை ஒரே விரலால் காட்டச் சொன்னேன். முதுகைக் காட்டுவார் என்று பார்த்தால், விரல் தொடையின் வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பின் மேல் போய் நின்றது.

நம் பேச்சில் முதுகின் அடியும் இடுப்பு, தொடை சேரும் மூட்டும் இடுப்பு, பக்கவாட்டு எலும்பும் இடுப்பு. குழப்பம் இங்கேதான். கவட்டையில் வலித்தால் மூட்டைப் பார்க்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே மரத்துக்கொண்டு இறங்கினால் முதுகைப் பார்க்க வேண்டும். பக்கவாட்டு எலும்பைத் தொட்டாலே சுளீரென்று, அந்தப் பக்கம் ஒருக்களிக்கவே முடியவில்லையா? பர்சைடிஸ் (எலும்புக்கும் தசைநாருக்கும் நடுவே மெத்தைபோல இருக்கும் சின்ன நீர்ப்பையின் அழற்சி), அல்லது அதை ஒட்டிய புட்டத் தசைநார்களின் பாதிப்பு. 40 வயது தாண்டிய பெண்களுக்கே அதிகம்.

வலிக்கும் காலில் மட்டும் 30 விநாடி நிற்கச் சொன்னேன். பத்து எண்ணுவதற்குள் மேசையைப் பிடித்துவிட்டார். படுக்க வைத்துக் காலைச் சுழற்றினால் தாராளமாகச் சுழல்கிறது. தேய்ந்த மூட்டு இப்படிச் சுழலாது!

தயவுசெய்து நீவாதீர்கள். அழுந்தி அழுந்தித்தான் அந்த இடமே நொந்திருக்கிறது. அதையே கட்டைவிரலால் அழுத்தினால் எப்படி ஆறும்? பிடிப்பு எடுக்கிறேன் என்று காலைக் குறுக்கே இழுத்து நீட்டுவதும் அதே தவறுதான்.

வெறும் தரையில் பாய் போட்டு அந்தப் பக்கம் படுக்க வேண்டாம். மறுபக்கம் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வையுங்கள். ஒரு பக்கம் இடுப்பை ஒடித்து நிற்காதீர்கள். கருவாடு காயப்போடும்போது கால்களை ஒருபுறமாக மடக்கி உட்காராமல் ஸ்டூல் போட்டுக்கொள்ளுங்கள்.

ஓய்வு மட்டும் போதாது, புட்டத் தசைக்குப் பலம் வேண்டும். தொடைகளைத் துண்டால் சேர்த்துக் கட்டி, மெதுவாக வெளிப்பக்கம் தள்ளிப் பிடிப்பதில் தொடங்குவோம். பிறகு மல்லாந்து கால் மடக்கிப் புட்டத்தைத் தூக்குவது. வலிக்கு ஸ்டீராய்டு ஊசி கேட்பவர்களுக்கு ஒன்று: 2018ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில் இந்தப் புட்டத் தசைநார் பாதிப்பு உள்ள 204 பேரைப் பார்த்தார்கள். 8 வாரத்தில் ஊசி போட்டவர்களைவிட, பயிற்சியும் இந்தப் பழக்கமாற்றமும் கடைப்பிடித்தவர்களே அதிகம் பேர் தேறினார்கள்.

வயதானவர் விழுந்தபின் வலித்தாலோ, காய்ச்சலோடு அந்த இடம் சிவந்து சுட்டாலோ என்னிடம் வராதீர்கள், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எல்லாம் கேட்டுவிட்டு அந்த அக்கா, "தண்ணிக் குடத்த யாரு தம்பி தூக்குறது?" என்றார். கூட வந்த மகனைப் பார்த்துச் சொன்னேன்: எட்டு வாரத்துக்கு நீ தூக்கு, அப்பு.